எலும்பின் விலாசம்

1965 ஜூலையில், மங்கோலியாவின் தெற்கே கோபிப் பாலைநிலத்தில், அல்தான் ஊல் குன்றுகளின் சரிவொன்றில் இரண்டு கைகள் மணற்கல்லிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கண்டவர் போலந்து–மங்கோலியக் கூட்டுப் பயணக்குழுவின் தலைவர் சோஃபியா கீலான்-யவொரோவ்ஸ்கா. ஒவ்வொரு கையும் 2.4 மீட்டர் நீளம். கைகளுக்கு உரிய உடல் இல்லை. தோளெலும்புகளும், விலாவிலும் முதுகிலும் சில துண்டுகளும் மட்டுமே கிடைத்தன. 1970-இல் அந்த விலங்குக்கு டெய்னோகைரஸ் என்று பெயர் வைத்தார்கள். அது எப்படி இருந்திருக்கும் என்பது அடுத்த நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அது எங்கே கிடந்தது என்பது தெரியும். எந்தக் குன்று, எந்தச் சரிவு, எந்த மணற்கல் அடுக்கு என்ற குறிப்பும் பெட்டிகளோடு வார்சா போய்ச் சேர்ந்தது. குழுவின் நிலவியலாளர் ரிஷார்ட் கிராஜின்ஸ்கியும் அவருடைய தோழர்களும் நெமெக்ட் பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகளை நடந்து பார்த்து, தோண்டிய இடங்களைக் குறித்து, 1960களின் இறுதியில் வரைபடங்களோடு அச்சிட்டு வெளியிட்டார்கள். திசைகாட்டியும் அளவுநாடாவும் நோட்டுப் புத்தகமும் கொண்டு செய்த வேலை. 2008-இல் கொரிய–மங்கோலியக் குழு ஒன்று டெய்னோகைரஸ் கிடந்த குழியை மறுபடி கண்டுபிடித்தது. பழைய குழு விட்டுவிட்டுப் போயிருந்த துண்டுகளில் வயிற்றுப்புற விலாக்கள் சில அகப்பட்டன. அவற்றில் டார்போசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரின் பல் தடங்கள் இருந்தன. உடல் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி, நாற்பத்து மூன்று ஆண்டுகள் அதே இடத்தில் காத்திருந்தது. இடம் எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான் அதைப் போய்ப் பார்க்க முடிந்தது.

தொல்லுயிரியலில் எலும்பு பாதிதான். மறுபாதி அதன் விலாசம். எந்த அடுக்கில் கிடந்தது என்பதே அதன் காலத்தைச் சொல்லும். மணலின் பருமனும் படிவும் ஆறா, ஏரியா, காற்றடித்த மணல்மேடா என்பதைச் சொல்லும். பக்கத்தில் கிடந்தவை அதன் அயலாரைச் சொல்லும். விலாசம் தொலைந்த எலும்பு அழகான பொருள்தான். ஆனால் அதனிடம் கேட்கக்கூடிய கேள்விகள் மிகக் குறைவு.

கோபிக்குப் போனவர்கள் அனைவரும் ஒரே அளவு கவனத்தோடு விலாசம் எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. 1922 முதல் 1930 வரை ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையில் நியூயார்க்கிலிருந்து வந்த அமெரிக்கர்கள் மோட்டார் கார்களில் பயணம் செய்தார்கள். பெட்ரோலையும் உணவையும் ஒட்டகங்கள் முன்னே சுமந்து சென்றன. நில அளவையாளர்கள் கூடவே வந்து, தாங்கள் கடந்த வழியையெல்லாம் வரைந்தார்கள். ஆனாலும் செந்நிறப் பாறைச் சரிவான பாயன்சாக்கில் கிடைத்தவற்றுக்கு அந்தச் சரிவின் பெயரே பெரும்பாலும் போதுமான விலாசமாகக் கருதப்பட்டது. 1946, 1948, 1949 ஆண்டுகளில் சோவியத் குழு லாரிகளில் வந்தது. தலைவர் இவான் எஃப்ரேமொவ். அறிவியல் புனைகதை எழுத்தாளராகவும் அறியப்பட்டவர். இறந்த உயிர் எப்படிப் புதைந்து கல்லாகிறது என்பதைத் தனித் துறையாக ஆராய வேண்டும் என்று 1940-இலேயே வாதிட்டவர் அவர். எலும்பு கிடக்கும் நிலையே ஒரு சான்று என்ற எண்ணம் அங்கிருந்துதான் உறுதிப்பட்டது. போலந்துக் குழு அந்த எண்ணத்தை வரைபடமாக்கியது.

அந்தக் காலத்தில் எலும்பும் விலாசமும் ஒரே கையில் இருந்தன. தோண்டியவரே எழுதினார், எழுதியவரே சுமந்தார், சுமந்தவரே அருங்காட்சியகத்தில் அடுக்கினார். பிரிந்து போனால் பெரும்பாலும் கவனக்குறைவினால் போனது. இன்று அவற்றைத் திட்டமிட்டுப் பிரிக்கிறார்கள்.

1924 முதலே மங்கோலியச் சட்டம் டைனோசர் எச்சங்களை நாட்டின் சொத்து என்கிறது. அதே பத்தாண்டில்தான் ஆண்ட்ரூஸ் தன் பயணத்துக்குப் பணம் திரட்டுவதற்காக ஒரே ஒரு டைனோசர் முட்டையை ஏலத்தில் விட்டார். 5,000 டாலருக்குப் போனது. விளம்பரத்துக்காகச் செய்த காரியம். கோபியில் கிடப்பது பணம் என்ற நினைப்பை உலகத்தின் தலையில் ஏற்றியதும் அதுதான். ஆண்ட்ரூஸே பின்னர் அதற்காக வருந்தினார். 1990-க்குப் பிறகு மங்கோலியாவின் பழைய ஆட்சிமுறை கலைந்து எல்லைகள் திறந்தபோது அந்த நினைப்பு தொழிலாயிற்று. திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்களுக்கு வேண்டியவை தலை, பல், நகம், பாதம். விற்பனைக்கு ஆகாத விலாவையும் முதுகெலும்பையும் உடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

2012 மே 20 அன்று நியூயார்க்கில் ஒரு டார்போசாரஸ் எலும்புக்கூடு 10,52,500 டாலருக்கு ஏலம் போனது. எட்டடி உயரம், இருபத்து நான்கடி நீளம். அமெரிக்காவுக்குள் வந்தபோது சுங்கத் தாளில் அதன் நாடு பிரிட்டன் என்றும் மதிப்பு 15,000 டாலர் என்றும் எழுதியிருந்தது. மங்கோலியத் தொல்லுயிரியலாளர் பொலொர்செட்செக் மின்ஜின் குரல் எழுப்பினார். அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் எல்பெக்தோர்ஜ் தலையிட்டார். எலும்புக்கூட்டையே எதிர்வாதியாக்கி அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. அதற்குச் சற்று முன், ஜூன் மாதம், வல்லுநர்கள் ஒரு கிடங்கில் அதைப் பார்வையிட்டிருந்தார்கள். இது நெமெக்ட் அடுக்கைச் சேர்ந்தது, 1995-க்கும் 2005-க்கும் இடையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். 2013 மே மாதம் அது மங்கோலியாவுக்குத் திரும்பியது. உலான்பாத்தரில் லெனின் அருங்காட்சியகமாக இருந்த கட்டடம் டைனோசர்களின் அருங்காட்சியகமானது.

வல்லுநர்கள் எதைப் பார்த்துச் சொன்னார்கள்? டார்போசாரஸ் என்ற இனமே மங்கோலியாவைச் சுட்டுகிறது என்பது முதல் வாதம். எலும்பின் நிறம் இரண்டாவது. நெமெக்ட் எலும்புகள் வெளிறிய பழுப்பும் வெண்மையுமாக இருக்கும். அமெரிக்காவின் டைரனோசாரஸ் எலும்புகள் பெரும்பாலும் அடர்ந்த பழுப்பு. ஒட்டியிருந்த மண் மூன்றாவது. பல பருவங்கள் அந்த நிலத்தில் கழித்த கண்ணுக்கு இதெல்லாம் போதும். நீதிமன்றத்துக்கும் அப்போது போதுமானதாக இருந்தது. ஆனால் கண் 'நெமெக்ட்' என்று சொல்லும். எந்தக் குன்று, எந்த அடுக்கு என்று சொல்லாது. நெமெக்ட் அடுக்கு பல்வேறு குன்றுகளிலும் பள்ளங்களிலும் தலைகாட்டுகிறது. திரும்பி வந்தது நாட்டுக்குத்தான், குழிக்கு அல்ல.

வேதியியல் அந்த இடத்தில்தான் நுழைகிறது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. எலும்பின் வேதியியலைக் கொண்டு அதன் பூர்வீகத்தைச் சோதிக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு மோசடி. இங்கிலாந்தின் பில்ட்டவுனில் 1912-இல் அறிவிக்கப்பட்ட 'ஆதிமனித' மண்டையோட்டை, 1940களின் இறுதியில் கென்னத் ஓக்லி ஃப்ளூரின் சோதனைக்கு உட்படுத்தினார். மண்ணில் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளூரினை மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளும். நீண்ட காலம் புதைந்திருந்தால் அதிகம் இருக்க வேண்டும். பில்ட்டவுனில் இருந்தது சொற்பம். 1953-இல் இன்னும் நுட்பமான சோதனைகளுக்குப் பிறகு முழு மோசடியும் வெளிப்பட்டது. அதே குழியில் போட்டு வைத்திருந்த யானைப் பல் துண்டு ஒன்றில் யுரேனியக் கதிர்வீச்சு அளவுக்கு மீறி இருந்தது. இங்கிலாந்தில் எங்கும் அப்படி இல்லை. துனீசியாவின் இஷ்கல் பகுதியிலிருந்து கிடைத்த எச்சங்களோடு அது ஒத்துப்போனது. பல்லின் வேதியியலைக் கொண்டு அதன் ஊரைக் கண்டுபிடித்த முன்னோடி நிகழ்ச்சிகளில் அது ஒன்று.

ஃப்ளூரின் சோதனை முரடானது. ஒரே குழியில் கிடைத்த இரண்டு எலும்புகள் ஒன்றாகப் புதைந்தவையா என்று கேட்கலாம். அதற்கு மேல் கேட்க முடியாது. இன்றைய சோதனை வேறொரு கூட்டத்தை நம்புகிறது: லாந்தனம், சீரியம், நியோடிமியம் முதலான அருமண் தனிமங்கள். உயிரோடிருக்கும் எலும்பில் இவை அநேகமாக இல்லை; பத்து லட்சத்தில் ஒரு பங்கு தேறுவதே கடினம். புதைந்த பிறகு, ஊடுருவி வரும் நீரிலிருந்து எலும்பின் கனிமமான அபடைட் இவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அளவு சில நூறாக, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேலாக ஏறுகிறது. சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் படிகங்கள் மறுபடி வளர்ந்து இறுகிவிடும். அதன் பின் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே ஏழு கோடி ஆண்டுப் பழமையான எலும்பு, தான் புதைந்த முதல் சில ஆயிரம் ஆண்டுகளின் நீரை இன்னும் வைத்திருக்கிறது.

அந்த நீர் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆற்று மணலின் அடியில் ஓடிய நீரில் கனமான அருமண்களுக்கும் இலேசானவற்றுக்கும் உள்ள விகிதம் ஒரு மாதிரி. ஏரிச் சேற்றில் வேறு மாதிரி. கடலில் இன்னொரு மாதிரி. நீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்பதற்கேற்ப சீரியம் மட்டும் தன் கூட்டத்திலிருந்து விலகி ஏறும் அல்லது இறங்கும். விகிதங்களை வரிசையாக வரைந்தால் ஒரு கோடு கிடைக்கும். ஒரே அடுக்கில், ஒரே சூழலில் புதைந்த எலும்புகளின் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடும். வெளியிலிருந்து வந்தது தனியாகத் தெரியும். பிரிஸ்டலைச் சேர்ந்த கிளைவ் ட்ரூமனும் மைக்கேல் பென்டனும் 1997-இல் இதைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் தேடியது திருடர்களை அல்ல. ஓர் அடுக்கிலிருந்து அரித்து எடுக்கப்பட்டு இன்னோர் அடுக்கில் படிந்த எலும்புகளை அடையாளம் காண்பதே நோக்கம். ஆறு செய்த இடமாற்றத்தைக் கண்டுபிடிக்க எழுந்த முறை. மனிதர் செய்யும் இடமாற்றத்துக்கு அது பின்னால் கைகொடுத்தது.

கோபியில் அதை முயன்றவர்கள் இத்தாலியின் ஃபெடெரிக்கோ ஃபான்டி, ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் ஃபில் பெல் முதலியோர். 2018-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு நெமெக்ட் பகுதியையே சோதனைக்களமாகக் கொண்டது. திருடப்பட்ட டைனோசர் எச்சங்களை அவற்றின் இடத்தோடு சேர்க்க வேதியியல் அடையாளம் உதவுமா என்பதே கேள்வி. செய்முறையின் அடிப்படை எளியது, உழைப்புதான் பெரிது. இடம் சந்தேகமின்றித் தெரிந்த எலும்புகளையும் அவற்றைச் சூழ்ந்த மண்ணையும் முதலில் அளந்து ஓர் அட்டவணை உருவாக்க வேண்டும். அட்டவணை இல்லாமல் திருட்டு எலும்பை மட்டும் அளந்தால் எண் கிடைக்கும், இடம் கிடைக்காது. அட்டவணைக்கோ ஒவ்வொரு குன்றிலும் எந்த அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பார்த்த வரைபடம் வேண்டும். வேதியியல் எவ்வளவு நுட்பமானாலும் கடைசியில் நிற்பது கிராஜின்ஸ்கி செய்த வேலையின் மேல்தான். புதுமையைப் பேசும் அவசரத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

வரைபடம் செய்யும் விதம் மாறியிருக்கிறது. அன்று ஒரு குன்றின் முகப்பை அளக்க முழுப் பருவமும் பிடிக்கும். காற்று புழுதியை எழுப்பும் நாளில் எழுதவும் முடியாது. இன்று ஜிபிஎஸ் கருவி சில மீட்டர் பிசகில் இடம் சொல்கிறது. ட்ரோன் எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்துக் கணினி முப்பரிமாண நிலமாக்குகிறது. செயற்கைக்கோள் படத்தில், போகாத பள்ளத்தையும் முன்கூட்டியே பார்க்கலாம். பழைய வரைபடத்தின் மேல் புதிய ஆயத்தொலைவுகளைப் பொருத்தி, போலந்துக் குழுவும் சோவியத் குழுவும் தோண்டிய குழிகளை ஒவ்வொன்றாக மீட்டெடுக்கிறார்கள்.

ஒரு வேறுபாடு மட்டும் தலைகீழானது. அன்று தோண்டிய இடத்தை வரைபடத்தில் அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபாருங்கள் என்று விட்டார்கள். இன்று சென்டிமீட்டர் அளவுக்குத் தெரிந்த இடத்தைப் பல ஆய்வுக் கட்டுரைகள் சொல்லாமல் விடுகின்றன. கேட்கும் ஆய்வாளருக்கு மட்டும் தருகிறார்கள். அச்சிட்டால் திருடர்களுக்கு வழிகாட்டுவதாகும். இடத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்த தலைமுறை வேறு இல்லை. இவ்வளவு ஒளித்து வைக்கும் தலைமுறையும் இல்லை.

டெய்னோகைரஸின் மீதிக் கதையும் இந்தக் காலத்துக்கே உரியது. யூங்-நாம் லீ தலைமையிலான கொரிய–மங்கோலியக் குழு 2006-இல் அல்தான் ஊலில் ஒன்றும், 2009-இல் புகீன் சாவில் ஒன்றுமாக இரண்டு எலும்புக்கூடுகளைக் கண்டது. புகீன் சாவில் கண்டது திருடர்கள் ஏற்கனவே கைவைத்த குழி. தலை இல்லை, பாதங்கள் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற இடது முன்கை எலும்புகளைப் பார்த்துத்தான் அது டெய்னோகைரஸ் என்றே தெரிந்தது. 2011-இல் ஐரோப்பாவில் தனியார் சேகரிப்பு ஒன்றில் விசித்திரமான தலையும் பாதங்களும் இருப்பதாக ஒரு வணிகர் பெல்ஜியத் தொல்லுயிரியலாளர் பாஸ்கல் கோட்ஃப்ருவாவிடம் சொன்னார். ஜப்பான் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. கோபியில் இல்லாதது அங்கே இருந்தது. அங்கே இல்லாதது கோபியில் இருந்தது. ஒரே விலங்கு. 2014 மே மாதம் அவை உலான்பாத்தர் திரும்பின. அக்டோபரில் முழு உருவம் வெளியானது: சுமார் 11 மீட்டர் நீளம், 6 டன்னுக்கு மேல் எடை, முதுகில் உயர்ந்த முட்கள், வாத்து போன்ற அலகு, வயிற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூழாங்கற்களும் மீன் எச்சங்களும். 1965-இன் கைகளை வைத்துக் கற்பனை செய்த எந்தப் படமும் இதன் பக்கத்தில் வரவில்லை.

இங்கே தலையை உடலோடு சேர்த்தது, உடல் இருந்த குழி தெரிந்திருந்ததுதான். அது அதிர்ஷ்டம். கோபியிலிருந்து போன ஒவ்வொரு தலைக்கும் இப்படி ஒரு குழி காத்திருக்காது.

சாட்சி சொல்ல ஆளே இல்லாதபோது பாறையின் வேதியியல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோபியைவிடச் சீனாவின் ஹார்பின் நல்ல உதாரணம். 1933-இல், ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது, சொங்ஹுவா ஆற்றின் மேல் பாலம் கட்டும் வேலையில் ஒரு தொழிலாளிக்குப் பெரிய மண்டையோடு ஒன்று கிடைத்ததாகவும், அதைப் பாழுங்கிணற்றில் ஒளித்து வைத்ததாகவும் குடும்பத்தார் சொன்னார்கள். சாகும் தறுவாயில்தான் அவர் பேரப்பிள்ளைகளிடம் சொன்னாராம். 2018-இல் அது ஹெபெய் மாகாணத்துப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு வந்தது. எண்பத்தைந்து ஆண்டு மௌனம், ஒரு வாய்மொழி. அவ்வளவே விலாசம்.

2021-இல் வெளியான ஆய்வில் மண்டையோட்டைச் சேதப்படுத்தாமல் எக்ஸ் கதிர் கொண்டு அதன் தனிமங்களை அளந்தார்கள். ஹார்பின் பகுதியில் கிடைத்த பிற பாலூட்டி எச்சங்களோடு அருமண் விகிதங்களை ஒப்பிட்டார்கள். மூக்குத் துளைக்குள் ஒட்டியிருந்த மண்ணின் ஸ்ட்ரோன்ஷியம் ஐசோடோப்பு விகிதத்தைப் பாலத்தருகே துளையிட்டு எடுத்த மண்ணின் விகிதத்தோடு வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. ஆற்றங்கரையின் ஹுவாங்ஷான் அடுக்கின் மேற்பகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்றும், வயது குறைந்தது 1,46,000 ஆண்டு என்றும் முடிவு செய்தார்கள். 2025-இல் பல்லில் படிந்த காரையிலிருந்து கிடைத்த மரபணு, அது அழிந்துபோன டெனிசோவன் மனிதருடையது என்றது. ஒரு தொழிலாளியின் சொல்லைப் பாறை பெரும்பாலும் வழிமொழிந்தது.

பெரும்பாலும் என்ற சொல்லை இங்கே தெரிந்தேதான் எழுதுகிறேன். வேதியியல், 'இது இங்கிருந்து வந்தது' என்று சொல்வதில்லை. 'இங்கிருந்து வந்ததாக இருந்தால் இப்படித்தான் இருக்கும், அப்படியே இருக்கிறது' என்கிறது. நூறு கிலோமீட்டர் தள்ளி இதே மாதிரி நீர் ஓடிய இன்னொரு படுகை இருக்கலாம். ஒரே எலும்பின் வெளிப்புறமும் உட்புறமும்கூட வெவ்வேறு அளவில் உறிஞ்சியிருக்கும். எங்கே தொட்டு அளந்தோம் என்பதும் விடையை அசைக்கும். இல்லை என்று சொல்வதில் அது உறுதியானது. ஆம் என்பதில் நிதானமானது. சுங்கத் தாளில் எழுதிய பொய்யை உடைக்க அந்த 'இல்லை' போதும்.

தொலைந்த விலாசத்தின் விலையை அறிய ஜாவாவின் மொஜொகெர்டோ குழந்தை மண்டையோட்டைப் பார்க்க வேண்டும். 1936-இல் டச்சு ஆட்சியின் நிலவியல் துறை ஊழியர் ஒருவர் பெர்னிங் அருகே எடுத்தது. சரியான இடம் எது என்பதில் பின்னால் குழப்பம். 1994-இல் அருகிலிருந்த எரிமலைப் பொருளை அளந்து 18 லட்சம் ஆண்டு என்று அறிவித்தார்கள். ஆசியாவுக்கு மனிதர் வந்த வரலாறே திருத்தப்பட்டது. பிறகு பழைய நில வரைபடங்களையும் புகைப்படங்களையும் துருவி இடத்தை மீட்டபோது, மண்டையோடு கிடந்த அடுக்கு அந்த எரிமலைப் பொருளுக்கு மேலே என்று தெரிந்தது. 2003-இல் வந்த அளவீடு, அதிகம் போனால் 14.9 லட்சம் ஆண்டு என்றது. குன்றில் சிறு ஏற்ற இறக்கம், காலத்தில் மூன்று லட்சம் ஆண்டு. அங்கே மீட்புக்கு உதவியது பெரும்பாலும் காகிதம்தான், கருவி அல்ல.

நம் பக்கத்திலும் இதற்கொரு கிளை உண்டு. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் தென்னிந்தியாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய சங்கு, சிப்பி எச்சங்களைப் பற்றி 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் எழுதினார். இடங்களாக அவரிடம் இருந்தவை மூன்றே பெயர்கள்: புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி. 1862-இல் எச். எஃப். பிளான்ஃபோர்டின் நில ஆய்வு வெளிவந்த பிறகு அதே பாறைகள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரிந்தன. கிராமம் கிராமமாக எது எங்கே என்று சொல்ல முடிந்தது. இருபது ஆண்டுக்குள் நடந்த முன்னேற்றம் அது. ஆனால் அரியலூரை ஒட்டிய கல்லமேட்டில் கிடைத்து 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் பெற்ற மாபெரும் டைனோசரின் எலும்புகள், வெளியே எடுத்த பிறகு நொறுங்கி மண்ணாகிவிட்டன. இன்று மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும். கோபியில் எலும்பு இருக்கிறது, விலாசம் இல்லை. கல்லமேட்டில் விலாசம் இருக்கிறது, எலும்பு இல்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம் பெரியதுதான். தோண்டியவர் செத்துப் போனாலும், பொய் சொன்னாலும், எலும்பிடமே கேட்க முடிகிறது. பழைய அருங்காட்சியகப் பெட்டிகளில் 'கோபி' என்ற ஒற்றைச் சொல்லோடு கிடப்பவற்றுக்கும் இனி ஒரு வழி இருக்கிறது. முன்பு அரைத்துக் கரைத்துப் பார்க்க ஒரு துண்டை இழக்க வேண்டியிருந்தது; இன்று லேசர் தொடும் புள்ளி தலைமுடியின் பருமன்தான். ஆனால் இத்தனை கருவியும் தருவது ஓர் அடுக்கின் பெயர், மிஞ்சினால் ஒரு பள்ளத்தாக்கின் பெயர். விலங்கு எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, கழுத்து வளைந்திருந்ததா, பக்கத்தில் முட்டை ஓடு இருந்ததா, எந்தப் பல் அதன் மேல் பதிந்தது என்பவற்றை எந்த நிறமாலையும் சொல்லாது. 1965-இல் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் செய்த வேலையின் ஒரு பகுதியைத்தான் இன்று பெரும் செலவில் திரும்ப வாங்குகிறோம்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஓடைக்கரையிலோ, சுண்ணாம்புக்கல் வெட்டிய குழியோரத்திலோ சுருள் சங்கு போன்ற கல்லைப் பார்க்க நேர்ந்தால் உடனே எடுத்துப் பையில் போட வேண்டாம். கைபேசியில் அது கிடக்கும் நிலையிலேயே ஒரு படம், சற்றுத் தள்ளி நின்று சுற்றுப்புறத்தோடு ஒரு படம், வரைபடச் செயலி காட்டும் ஆயத்தொலைவு, தேதி. இவ்வளவும் எழுதிக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிட்டு, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள்.